அப்பாவின் அல்லேலூயா

கண்ணு,

இந்தக் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, கை கழுவி உட்கார்ந்த பிறகு படி. பிரியா பக்கத்தில் இருந்தால் அவளும் படிக்கட்டும். அவளுக்கும் தெரிய வேண்டியது இதில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவின் வருச நாளைப் பற்றிப் பேசினோம் இல்லையா? "பெரியப்பனை வெச்சுச் செய்யறதைச் செஞ்சுபோடலாம்மா. ஆனா அந்த பாஸ்டர் நம்மூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. மிதிச்சா நான் வால்பாறையில இருந்து கீழயே எறங்க மாட்டேன்" என்று சொன்னாய். நான் "சரி சாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த "சரி சாமி"தான் என்னை இங்கே உட்கார வைத்து எழுத வைக்கிறது. இதை நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன் ஊருக்குப் பஸ் ஏறினேன். மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தொடக்கம் யோசித்தேன். வந்து இறங்கினால் நீ பையை வாங்கிக்கொண்டு, "ஏம்மா, பஸ்ல வாந்தி வந்துச்சா?" என்று கேட்பாய். அதோடு நான் பஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையெழுத்து உனக்குப் புரியாவிட்டால் திரும்பப் படி. ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். உன் அப்பா செத்த அன்றைக்கு பாஸ்டர் வந்தார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தோடு, வெயிலில் நடந்து நம் தெரு முனை வரைக்கும் வந்தார். நான்தான் அவரைத் திருப்பி அனுப்பினேன். நீ பதினொரு மாதமாக அவர் வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நினைக்க விட்டவளும் நான்தான்.

ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த வார்த்தையில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தி, சூலூரில் நூல் குடோனில் அப்பா லோடுமேனாக இருந்தார். தறியில் மாட்டுகிற பாவு பீம் உனக்குத் தெரியும், நூல் சுற்றின இரும்பு உருளை, நாலு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். ஒரு நாள் வேனில் இருந்து இறக்கும்போது ஒருத்தன் கை முந்திக்கொண்டது, ஒருத்தன் கை பிந்திவிட்டது. பீம் அப்பாவின் கால் மேல் விழுந்தது. ஒன்றரை மாதம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசானவர், இடுப்பு உடைந்தவர். கட்டுப் பிரிக்கும்போது மற்றவர்கள் எல்லாம் "ஐயோ, அம்மா" என்று கத்துவார்கள். அவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு "அல்லேலூயா, அல்லேலூயா" என்பார். அவரைப் பார்க்க வந்தவர்தான் இந்த பாஸ்டர். அப்பாவுக்கு வேதம் தெரியாது, ஜெபம் தெரியாது. இயேசு யார் என்று சரியாகக் கேட்டுக்கூட வைத்திருக்கவில்லை. முதலில் அவருக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். வலிக்கும்போது சொல்கிற வார்த்தை என்றுதான் அதை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியை விட்டு வந்து, காலை இழுத்து இழுத்து நடக்கப் பழகின நாளில் ஒவ்வொரு அடிக்கும் அதைச் சொல்லுவார். சபைக்குப் போக ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். அங்கே அது சந்தோசத்தில் சொல்கிற வார்த்தை என்று தெரிந்ததும் சந்தோசத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார். குழம்பு நன்றாக இருந்தால் அல்லேலூயா. கரண்டு வந்தால் அல்லேலூயா. நீ பிறந்த அன்றைக்கு நர்சம்மா கையில் இருந்து உன்னை வாங்கி அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அழுதன.

அப்புறம் அது வேலைக்கும் போனது. காலில் பீம் விழுந்ததில் இருந்து அப்பாவுக்கு ஒரு பயம், நாலு பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும் என்று. அதற்கு ஒரு சத்தம் வேண்டும். இவர் "அல்லே" என்பார், மற்ற மூணு பேரும் "லூயா" என்று தூக்குவார்கள். அந்த மூணு பேரில் மாரப்பன், சாமி கும்பிடுகிறவர், மாலை போட்டு மலைக்குப் போகிறவர். அவரும் "லூயா" என்றுதான் தூக்குவார். "ஏய், இது எங்க சாமிக்குத் தெரிஞ்சா கண்ணைக் குத்திப்போடுமடா" என்று சிரிப்பார். "தெரியட்டும். உங்க சாமியும் சேர்ந்து ஒரு கை புடிக்கட்டும், கனம் கொறையும்" என்பார் அப்பா. குடோனில் அப்படித்தான் அவருக்கு அதுவே பேராகிப் போனது. "யோவ் அல்லேலூயா, டீ சொல்லட்டா?" "அல்லேலூயா இன்னைக்கு லீவுங்களா?" அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் உடம்பு கூசும். தறிக்குடோனில் என்னோடு நூல் சுற்றுகிற பெண்கள் "அல்லேலூயா பொண்டாட்டி வந்துட்டா" என்று சொல்லும்போது சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பொசுங்கிப் போவேன். பாதிப் பேர் விளையாட்டுக்குச் சொன்னார்கள், பாதிப் பேர் நக்கலுக்குச் சொன்னார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. நான் பிறந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நம் சொந்தத்திலும் பாதிப் பேர் கோயில், பாதிப் பேர் சபை. நான் இரண்டுக்கும் நடுவில் ஒதுங்கி நின்றேன். ஞாயிற்றுக்கிழமை அவரோடு போய்க் கடைசிப் பாயில் உட்காருவேன். எல்லாரும் கை தூக்கிச் சொல்லும்போது முந்தானையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொள்வேன். அத்தனை வருசத்தில் ஒரு தடவைகூட என் வாயால் அதைச் சொன்னதில்லை.

உன் பாலிடெக்னிக்கில் பரிசு கொடுத்த நாள் உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. உன் பேரைக் கூப்பிட்டதும் அப்பா எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குடோனில் போடுகிற சத்தத்தைப் போட்டுவிட்டார். அந்தப் பெரிய அறை முழுக்கச் சிரித்தது. மேடையில் நீ தலை குனிந்து நடந்தாய். வெளியே வந்ததும் என்னிடம்தான் சொன்னாய், "அடுத்த தடவை நீ மட்டும் வாம்மா." உனக்குப் பதினெட்டு வயசு. அந்த வயசில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உன்னைக் குற்றம் சொல்ல அதை எழுதவில்லை. உனக்கு அந்தக் கூச்சம் எங்கே இருந்து வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பஸ்ஸில் போகும்போது நான் அவர் தொடையில் கிள்ளுவேன், "மெதுவாப் பேசுங்க, நாலு பேரு பாக்கறாங்க" என்று. நீ அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அவரிடம், "பையனுக்கு மானம் போகுது. இனிமே அவன் காலேசுப் பக்கம் வராதீங்க" என்று சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்படியா, செரி செரி" என்றார். ஆனால் அதற்கு அப்புறம் வீட்டுக்குள் அந்தச் சத்தம் குறைந்து போனது. குடோனில் மட்டும் வைத்துக்கொண்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சத்தியமங்கலத்தில் பிரியாவின் வீட்டாரோடு பேசி முடித்து, பூ வைத்து, ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் கோயில் குடும்பம். பெண் பார்க்கப் போனபோதே அப்பாவிடம் நான் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லித்தான் கூட்டிப் போனேன், வாயைத் திறக்கக் கூடாது என்று. அவர் அங்கே வாயில் ஏதோ அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பலகாரம் வந்தபோது மட்டும் என் பக்கம் குனிந்து, "மனசுக்குள்ள சொல்லிக்கலாமில்லீங்க அம்மணி?" என்று கேட்டார். அது போதும் என்று நானும் நினைத்துவிட்டேன். ஒரு மாதத்தில், காலை ஒன்பது மணிக்குக் குடோனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நீ அப்போது வேலைப் பயிற்சிக்குச் சென்னையில் இருந்தாய். சாயங்காலம்தான் வந்து சேர முடியும் என்றாய். பெரியப்பா வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். நெற்றியில் திருநீறு பூசினார், தலைமாட்டில் விளக்கு வைத்தார். அவரைத் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. தம்பிக்குத் தனக்குத் தெரிந்த மாதிரி செய்தார். என்னைக் கேட்டுத்தான் செய்தார். "ஏம்மா, சபைக்காரங்களுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். நான் "அதெல்லாம் வேண்டாங்க மாமா" என்றேன்.

பதினொரு மணிக்குப் பிரியாவின் அப்பா போன் செய்தார், அரை மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று. போனை வைக்கிறேன், பக்கத்து வீட்டுப் பெண் வந்து பாஸ்டர் வருகிறார் என்கிறாள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை கண்ணு. புருசன் உள்ளே கிடக்கிறார். நான் எழுந்து, அழுத முகத்தோடு, தெரு முனைக்கு ஓடினேன். அவரைப் பார்த்து அழ ஓடுகிறேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் ஓடினது அவரை மறிக்க. "இன்னைக்கு வேண்டாங்கய்யா. சம்பந்தி ஊட்டுல வாராங்க" என்றேன். அவர், "பாட்டெல்லாம் வேண்டாங்கம்மா. ஒரே ஒரு ஜெபம், சத்தமில்லாமப் பண்ணிப்போட்டுப் போயிடறோமுங்க" என்றார். அப்போது பெரியப்பாவின் சொந்தக்காரர் ஒருத்தர் பக்கத்தில் வந்து, "யாருங்க இவங்க?" என்று கேட்டார். நான், "அவரு எப்பவாச்சும் இவங்க கூட்டத்துக்குப் போவாருங்க. அவ்வளவுதானுங்க. நாங்க அந்தாளுங்க இல்லீங்க" என்றேன். பாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. மெதுவாக ஒன்று மட்டும் சொன்னார். "அவரு எங்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தாருங்கம்மா. தன்னயத் தூக்கையில, பீம் தூக்கற மாதிரி, எல்லாரும் ஒருவாட்டி அதைச் சொல்லித் தூக்கோணும்னு. அதை மட்டும் யாராச்சும் செஞ்சுபோடுங்க." சொல்லிவிட்டுத் திரும்பினார். கூட வந்த பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்கள்.

அதையாவது செய்தேனா? நீ ஆறு மணிக்கு வந்தாய், மாலை வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பாடை தூக்க முன்னால் வந்தது குடோன் ஆட்கள் நாலு பேர்தான். மாரப்பன் தலைப்பக்கம் பிடித்தார். குனிந்தார்கள். பழக்கம், கண்ணு, இருபது வருசப் பழக்கம். மாரப்பன் வாயைத் திறந்து "அல்லே" என்று ஆரம்பித்துவிட்டார். பிரியாவின் அம்மா எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் மாரப்பனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் வாயை மூடிக்கொண்டார். மற்ற மூணு பேரும் அவர் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்கள். சத்தம் வரவில்லை. ஒருத்தர் தூக்கினார், ஒருத்தர் தூக்கவில்லை, பாடை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. நீதான் ஓடி வந்து கால்பக்கம் தாங்கினாய். ஏன் சரிந்தது என்று உனக்குத் தெரியாது. அந்த நாலு பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்தக் கனத்தையும் சரியவிடக் கூடாது என்று பயந்த மனிதரை நான் சரிய வைத்துத்தான் அனுப்பினேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பதினாறு முடிந்த பிறகு ஒரு நாள் சூலூர் பஸ் ஸ்டாண்டில் நாம் நின்றுகொண்டிருந்தபோது பாஸ்டர் எதிரே வந்தார். உன்னைப் பார்த்ததும் கை கூப்பினார். நீ அவரை நிற்க வைத்துக் கேட்டாய், அத்தனை பேர் பார்க்க. "எங்கப்பன் இருவது வருசம் உங்க சபைக்குச் சேர் தூக்கிப் போட்டாரு, பந்தல் கட்டுனாரு. செத்தன்னைக்கு ஒரு எட்டு வந்து பாக்க முடியலையாங்க? நீங்கெல்லாம் மனுசங்கதானா?" பாஸ்டர் உன்னைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்க அம்மாவைக் கேளுங்க தம்பி என்று சொல்லியிருக்கலாம். "தப்புத்தானுங்க தம்பி. மன்னிச்சுக்குங்க" என்றார். நீ "மன்னிப்பு ஒரு கேடு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். நான் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் நீ அப்புறம் என் முகத்தில் முழிக்க மாட்டாய் என்ற பயம் எனக்கு. புருசனும் போய், மகனும் போனால் என்ன செய்வது என்ற சுயநலம். அதற்காக ஒரு நல்ல மனிதரைத் தெருவில் கெட்டவராக்கிவிட்டு வந்தேன்.

நான் யாருக்காக இதை எல்லாம் மறைத்தேனோ, அவர்கள் கதையையும் கேள். உங்கள் கல்யாணம் முடிந்த முதல் ஆடிக்குப் பிரியா அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அவளைப் பார்க்க நான் சத்தியமங்கலம் போனேன். சம்பந்தியம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே பேசினார். "ஒரு வேடிக்கை தெரியுமுங்களா? உங்க ஊட்டைப் பத்தி விசாரிக்க எங்க ஊட்டுக்காரரு சூலூர் வந்தாருங்க. உங்க ஊட்டுக்காரரு பேரைச் சொல்லிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியலைங்க. லோடுமேனுங்க, காலை இழுத்து நடப்பாருன்னதும், 'அட, நம்ம அல்லேலூயாவா'ன்னாங்களாம். டீக்கடைக்காரரு சொன்னாராம், 'அந்தாளு ஊட்டுக்கா பொண்ணு குடுக்கறீங்க? கண்ணை மூடிட்டுக் குடுங்க'ன்னு. குடோனுல யாராச்சும் பொய் சொல்லாம வேலை செஞ்சா, 'பெரிய அல்லேலூயாதான் நீ'ன்னு சொல்லுவாங்களாமே? அதைக் கேட்டுத்தானுங்க நாங்க செரின்னதே." அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, "எழவுக்கு வந்தப்ப உங்க பாட்டெல்லாம் பாடுவாங்கன்னு நெனச்சேனுங்க. ஒண்ணையும் காணோம். எங்களுக்காக நிறுத்திப்போட்டீங்களோன்னு மனசு உறுத்திட்டே இருந்துச்சுங்க" என்றார். அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இல்லீங்க, அவங்க யாரும் வரலைங்க" என்று சொன்னேன். பாவி வாய், அப்போதும் அப்படித்தான் சொன்னது.

நக்கல் என்று நான் கூசின வார்த்தை, நான் கவனிக்காமல் இருந்த இடைவெளியில் அவருடைய நடத்தைக்குப் பேராகியிருந்தது. ஊரே அதைத் தெரிந்து வைத்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் காதைப் பொத்திக்கொண்டல்லவா குடும்பம் நடத்தினேன். சத்தியமங்கலத்தில் இருந்து திரும்பின வாரம், ஒரு மதியம், சபைக்குப் போனேன். தறிக்குடோன் தெருவுக்குப் பின்னால் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைதான். பாஸ்டர் தனியாகத் தண்ணி மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சேர் போட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "ஐயா, அந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டேன். அத்தனை வருசம் கடைசிப் பாயில் உட்கார்ந்தவள் கேட்கிற கேள்வியா அது? அவர் சிரிக்கவில்லை.

கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அது எபிரேயர்களுடைய சொல்லாம். எருசலேம் கோயிலில் பாடின பாட்டில் இருந்ததாம். "அல்லேலு" என்றால் துதியுங்கள். "யா" என்பது கடவுள் பேரின் சுருக்கம். அங்கே முதலில் 'ஹ' என்கிற எழுத்தோடு சொன்னதாம். கிரேக்கர்கள் வாய்க்குப் போனபோது அந்த எழுத்து உதிர்ந்துவிட்டதாம். அதனால்தான் நாம் அல்லேலூயா என்கிறோம், இப்போது டிவியில் பேசுகிறவர்கள் ஹல்லேலூயா என்கிறார்கள். வேதத்தைத் தமிழில் எழுதினவர்கள் மற்றதை எல்லாம் மாற்றினார்களாம், ஆமென் மாதிரி ஒன்றிரண்டோடு இதையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்களாம். சில சபைகளில் தவக்காலம் நாற்பது நாளும் இதைச் சொல்லாமல் வைத்திருந்து, உயிர்த்தெழுந்த பண்டிகைக்குத்தான் மறுபடி எடுத்துப் பாடுவார்களாம். நான் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒன்று சொன்னார். "ஆனா ஒரு விசயமுங்கம்மா. இது ஒருத்தர் தனக்குத்தானே சொல்லிக்கற வார்த்தை இல்லீங்க. துதியுங்கன்னா யாரைப் பாத்துச் சொல்றது? சுத்தி நிக்கறவங்களை. வாங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்னு கூப்புடறதுங்க அது." நான் கேட்டேன், "அப்ப அவரு இத்தனை வருசமா என்னயக் கூப்புட்டுட்டு இருந்தாருங்களா?" "ஆமாங்கம்மா" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அன்றைக்குத்தான் என் கண் சம்பந்தி வீட்டுக் கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததே.

அழுது முடித்து மன்னிப்புக் கேட்டேன். "நான் அன்னைக்கே விட்டுப்போட்டேனுங்க" என்றார். வருச நாளுக்குக் குழிமேட்டுக்கு வந்து ஜெபம் செய்ய முடியுமா என்று கேட்டேன். "தம்பிக்கு நடந்தது தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அங்க சொல்லுங்கம்மா. எனக்காக இல்லீங்க. அப்பனைக் கைவிட்டுட்டாங்கன்னு ஒரு கசப்பைத் தூக்கிட்டுத் திரியறாரே, அது பொய்க் கசப்பு. அதை எறக்கி வைக்கோணுமில்லீங்களா?" என்றார். அதைக் கேட்டும் நான்கு மாதமாகத் தள்ளிப் போட்டேன். போன ஞாயிறு நீ போனில் அப்படிச் சொன்ன பிறகுதான் இனித் தள்ளினால் என்னை நானே மனுசி என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று பட்டது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அம்மா என்கிற உரிமையில் ஒன்றே ஒன்று. பிரியா எதற்காவது சத்தமாகச் சந்தோசப்பட்டால், பஸ்ஸானாலும் கடைத்தெருவானாலும், அவளைக் கிள்ளாதே. நாலு பேர் பார்ப்பார்கள் என்று சொல்லாதே. அந்த நாலு பேர் யார் என்று இத்தனை வருசம் பயந்தும் நான் கண்டுபிடிக்கவில்லை. நான் பயந்த ஆட்களே வந்து, உங்கள் பாட்டு எங்கே என்று கேட்டார்கள். கோயிலுக்குப் போ, சபைக்குப் போ, எங்கேயும் போகாமல் இரு, அது உன் இஷ்டம். அப்பா உன்னை ஒரு நாளும் கட்டாயப்படுத்தவில்லை, நானும் செய்ய மாட்டேன். பெரியப்பா தன் முறைப்படி செய்கிறதையும் நான் தடுக்கப் போவதில்லை. அவரிடம் நேற்றுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அன்னைக்கே கேட்டேனேம்மா" என்றார். அப்புறம் அவரே, "அவங்க காலையில வரட்டும், நாங்க மத்தியானம் வாரோம்" என்றார். சம்பந்தியம்மாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். பாக்கி இருக்கிறது நீ ஒருத்தன்தான்.

அதனால், கண்ணு, வருச நாளுக்கு முதல் நாள் நீ மலை இறங்கி வரும்போது நேராக நம் வீட்டுக்கு வராதே. பஸ் ஸ்டாண்டில் இறங்கி முதலில் பாஸ்டர் வீட்டுக்குப் போ. நான் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டாயிற்று. நீ அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு நீதான் கேட்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்த பொய்யை நம்பித்தான் சொன்னாய். ஆனாலும் சொன்ன வாய் உன்னுடையது. அவர் ஒன்றும் கேட்க மாட்டார், டீ போட்டுக் கொடுப்பார். குடித்துவிட்டு வா. இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதை அடக்காதே. இத்தனை நாள் அவர் மேல் வைத்திருந்ததை அங்கே இருந்து எடுத்து, குறையாமல், என் மேல் வை. அது வர வேண்டிய இடம் இதுதான். கோபத்தோடாவது வீட்டுக்கு வா. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன கேட்டாலும் இந்த முறை உண்மையைத்தான் சொல்வேன்.

உன் அம்மா